பிபிவிஏ வங்கி

பிபிவிஏ, ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள பில்பாவோ நகரில் பதிவு அலுவலகம் கொண்ட பன்னாட்டு வங்கி. முழுப்பெயர் பாங்கோ பில்பாவோ விஸ்காயா அர்ஜென்டாரியா. சம்பளக் கணக்கு, வீட்டுக் கடன், கடன் அட்டை என்று சாதாரண வாடிக்கையாளரை நம்பியே ஸ்பானிய மொழி நாடுகள் பலவற்றில் வேரூன்றியது. இத்துறையில் இதன் நெடுநாள் போட்டியாளர், சாந்தாந்தேர் வங்கி.

1857இல் தொடங்கிய பாங்கோ தெ பில்பாவோவும் 1901இல் அதே ஊரில் தோன்றிய பாங்கோ தெ விஸ்காயாவும் இதன் மூலவங்கிகள். 1987 இறுதியில் பில்பாவோ வங்கி, பனெஸ்தோ என்ற பெரிய வங்கியை அதன் நிர்வாகத்தின் விருப்பத்தை மீறி வாங்க முயன்று தோற்றது. அடுத்த ஆண்டே விஸ்காயாவுடன் உடன்பாட்டின் பேரில் இணைந்தது. இரு தரப்புக்கும் சம இடம் என்பதால் தலைவர்களும் இருவர்: சான்செஸ் அசியாயின், பேத்ரோ தெ தொலேதோ. 1989 டிசம்பரில் தொலேதோ இறந்ததும், அவர் இடத்துக்கு யார் என்பதில் இயக்குநர் குழு பழைய வங்கிகளின் வழியே இரண்டாகப் பிளந்தது. ஸ்பெயின் மத்திய வங்கியின் ஆளுநர் மரியானோ ரூபியோ தலையிட, எமிலியோ இபார்ரா தலைவரான பிறகே சச்சரவு அடங்கியது. கணக்கேடுகளை ஒன்றாக்குவதைவிட ஆட்களை ஒன்றாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது நல்ல சான்று. அரசு வங்கிகளைத் திரட்டி 1991இல் உருவாக்கப்பட்டு, பின்னர் தனியார்மயமான அர்ஜென்டாரியா 1999இல் சேர்ந்தது.

லத்தீன் அமெரிக்காவில் புதிதாகக் கிளை திறப்பதைவிட, வாடிக்கையாளரோடு சேர்த்து உள்ளூர் வங்கியையே வாங்குவது இவ்வங்கியின் வழி. 1995இல் பெருவின் கான்டினென்டல், 1996இல் அர்ஜென்டினாவின் பிரான்செஸ், கொலம்பியாவின் கனதேரோ, 1997இல் வெனிசுவேலாவின் புரோவின்சியால் என்று வரிசையாக வாங்கியது.

ஆனால் வங்கியின் தலையெழுத்தை மாற்றியது மெக்சிகோதான். அங்கே 1982இல் நாட்டுடைமையான வங்கிகள் 1991-92இல் தனியாருக்கு விற்கப்பட்டன. 1994 டிசம்பரில் பெசோ சரிந்து வட்டி எகிறியதும் கடன்கள் திரும்பி வரவில்லை. வாராக்கடன்களை ஃபோபாப்ரோவா என்ற அரசு நிதியம் ஏற்றது. பெரிய வங்கிகளில் அந்நிய உடைமைக்கு இருந்த வரம்பு 1998 இறுதியில் நீங்கியது. 2000இல் பான்கோமர் என்ற மெக்சிகோ வங்கியை வாங்க உள்நாட்டுப் பனமெக்ஸ் வங்கியும் போட்டிக்கு வந்தபோது, பிபிவிஏ தன் விலையை உயர்த்தி வென்றது. மறு ஆண்டே அந்தப் பனமெக்ஸை அமெரிக்காவின் சிட்டி குழுமம் 1,250 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. நட்டம் வரி செலுத்துவோர் தலையில் தங்கிவிட, சீரான வங்கிகள் அயலார் கைக்குப் போயின என்ற மனக்குறை மெக்சிகோவில் இன்றும் உண்டு, அது நியாயமானதே. 2024இல் குழுமம் ஈட்டிய சுமார் 1,000 கோடி யூரோ லாபத்தில் பாதிக்கும் மேல் மெக்சிகோவிலிருந்து வந்தது.

அர்ஜென்டினாவில் நிலைமை வேறு. 2001 டிசம்பரில், வங்கிகளிலிருந்து பணம் வெளியேறுவதைத் தடுக்க, கணக்கிலிருந்து எடுக்கும் தொகைக்கு அரசு வாரத்துக்கு 250 பெசோ என்று வரம்பு வைத்தது. மக்கள் பாத்திரங்களைத் தட்டியபடி வீதிக்கு வந்தார்கள். வங்கிகள் முகப்பை இரும்புத் தகடால் மூடிக்கொண்டன. 2002இல் டாலர் வைப்புகள் டாலருக்கு 1.40 பெசோ என்றும், கடன்கள் ஒன்றுக்கு ஒன்று என்றும் மாற்றப்பட்டன. சில மாதங்களில் சந்தையில் டாலர் 3 பெசோவைத் தாண்டியது. ஆயுள் சேமிப்பை டாலரில் வைத்திருந்தவர்கள் பாதிக்கு மேல் இழந்தார்கள். விகித வேறுபாட்டால் வங்கிகளும் அடி வாங்கின. கனடாவின் ஸ்கோஷியா வங்கி வெளியேற, பிபிவிஏ தங்கிவிட்டது.

அண்மையில் வங்கி சில சந்தைகளிலிருந்து விலகியும் இருக்கிறது. சிலி கிளை நிறுவனம் 2018இல் ஸ்கோஷியாவுக்கும், அமெரிக்க நிறுவனம் 2021இல் பிஎன்சி வங்கிக்கும் கைமாறின. 2024 மே மாதம் கட்டலோனியாவின் சபாதெல் வங்கியை வாங்க, அதன் நிர்வாகம் மறுத்த பிறகு, நேராகப் பங்குதாரர்களிடமே சென்றது. வாங்கினாலும் இரு வங்கிகளும் மூன்றாண்டுகள் தனித்தனியே இயங்க வேண்டும் என்று ஸ்பெயின் அரசு நிபந்தனை விதித்தது. 2025 அக்டோபரில் முடிவு வந்தபோது, பங்குகளில் கால்பங்கு அளவே பிபிவிஏவுக்குக் கிடைத்தது, முயற்சி கைவிடப்பட்டது.