பீப்ஸ் வீட்டு நாயும் எங்கள் வீட்டு லட்டுவும்

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி முதல் வாரத்தில் வீடு மாறினோம். பழைய வீடு தரைத்தளம், பின்பக்கம் கொஞ்சம் மண் தரை உண்டு. புது வீடு நாலாவது மாடி. எங்கள் லட்டு ஒரு பொமரேனியன். நான்கு வயது, ஐந்து கிலோகூட இருக்க மாட்டாள். குட்டியில் பழக்கியதற்குப் பிறகு மூன்றரை வருஷமாக வீட்டுக்குள் ஒரு சொட்டு விட்டது கிடையாது. புது வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம். மறுநாள் டைனிங் டேபிளுக்குக் கீழே. அதற்கடுத்து, இன்னும் பிரிக்காத என் புத்தகப் பெட்டி மேலேயே.

என் வேலையில் இதற்கு ரிக்ரெஷன் என்று பெயர். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மென்பொருள், வேறெங்கோ எதையோ மாற்றியதும் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் உடைந்துபோகும். அப்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா என்ன மாத்தினோம்?" என்பதுதான். ப்ரோகிராமை நிற்கவைத்து யாரும் திட்டுவதில்லை. லட்டு விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வாரங்களில் ராத்திரி நான் வாசித்துக்கொண்டிருந்தது சாமுவேல் பீப்ஸின் டைரி. லண்டன்காரர். 1660 ஜனவரி 1 அன்று எழுத ஆரம்பித்து 1669 மே 31 வரை, சுருக்கெழுத்தில், ஒளிவுமறைவில்லாமல் எழுதியவர். லண்டன் பெருந்தீ, பிளேக், மன்னராட்சி திரும்பியது எல்லாவற்றுக்கும் வரலாற்றாசிரியர்கள் போய் நிற்கும் வாசல் இந்த டைரி. நானும் அதற்காகத்தான் எடுத்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு நாய்.

ஆக்ஸ் யார்டிலிருந்து சீதிங் லேன்

1660 பிப்ரவரியில் பீப்ஸுக்கு 26 வயது, மனைவி எலிசபெத்துக்கு 19. வெஸ்ட்மின்ஸ்டரில் ஆக்ஸ் யார்ட் என்ற சந்தில் குடியிருந்தார்கள். பெரிய வேலை இல்லை, கையில் காசும் இல்லை. பிப்ரவரி 8 அன்று எலிசபெத்தின் சகோதரர் அவளுக்கு ஒரு கறுப்பு நாயைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பீப்ஸுக்கும் நாயைப் பிடித்துத்தான் இருந்தது. அந்தப் பிரியம் நான்கே நாள். பிப்ரவரி 12 அன்று, இனி வீட்டுக்குள் மூத்திரம் போனால் உன் அண்ணன் தம்பி கொடுத்த நாயை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிவேன் என்று மனைவியிடம் சொல்லி, ராத்திரி படுக்கையில் பெரிய வாக்குவாதம். அந்த வாக்கியத்தில் நாயோடு சேர்த்து மச்சானுக்கும் ஒரு குத்து இருப்பதைக் கவனியுங்கள். கல்யாணமானவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அந்த வருஷம் பீப்ஸின் வாழ்க்கை தலைகீழாக மாறியது. கடற்படை நிர்வாகத்தில் நல்ல பதவி கிடைத்தது. ஜூலையில் அலுவலகத்தோடு சேர்ந்த பெரிய வீட்டுக்கு, லண்டனின் கிழக்குப் பக்கமுள்ள சீதிங் லேனுக்குக் குடிபோனார்கள். நவம்பர் 6 அன்று டைரியில் மறுபடியும் நாய்ச் சண்டை. நாய் வீட்டை அசிங்கப்படுத்துகிறது, அதை நிலவறையில் போடு என்கிறார் இவர். கூடாது என்கிறாள் அவள். கடைசியில் தான் சொன்னதே நடந்தது என்று எழுதுகிறார். ராத்திரி முழுக்க கோபத்தோடே இருவரும் படுத்திருக்கிறார்கள். அன்று அவருக்கு மனைவி செத்துப்போனதாகக் கனவு வருகிறது. சரியாகத் தூக்கமில்லை.

பிப்ரவரியில் வந்த கறுப்பு நாய்தான் இது என்று வைத்துக்கொண்டால், என் மொழியில் இது அப்பட்டமான ரிக்ரெஷன். என்ன மாறியது? வீடு மாறியது. வாசல், மாடிப்படி, தெரு, வீட்டில் நடமாடும் ஆட்கள் எல்லாம் மாறின. நாய் படிக்கும் பாடம் "வீட்டுக்குள் கூடாது" என்ற பொது விதி இல்லை. இந்தக் கதவைத் தாண்டி, இந்த மண்ணில், இந்த நேரத்தில் என்பதுதான் அதற்குப் புரிகிற விதி. கதவும் மண்ணும் போய்விட்டால் பாடமும் பாதி போச்சு.

நிலவறையில் வேறு என்ன இருந்தது

நாயைப் போட்டு அடைத்த அந்த நிலவறைக்குப் பதினேழு நாளுக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. அக்டோபர் 20 அன்று, நிலவறைக்கு ஒரு ஜன்னல் வைப்பது பற்றிப் பார்க்க பீப்ஸ் கீழே இறங்குகிறார். கால் பெரிய மலக்குவியலில் போய் பதிகிறது. பக்கத்து வீட்டு டர்னரின் கக்கூஸ் குழி நிரம்பி, இவருடைய நிலவறைக்குள் வழிந்துகொண்டிருக்கிறது. சரி செய்ய வேண்டும் என்று எழுதிக்கொள்கிறார்.

அந்தக் கால லண்டனில் வீட்டுக் கழிவு போய்ச்சேர நிலத்தடிச் சாக்கடை அமைப்பு கிடையாது. வீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு குழி. நிரம்பினால் ராத்திரியில் ஆள் வந்து அள்ளிப்போக வேண்டும். படுக்கையறையில் கட்டிலுக்குக் கீழே ஒரு பாத்திரம் இருக்கும். புளித்த மூத்திரத்தைத் துணி வெளுக்கவும் பயன்படுத்தினார்கள், அதிலுள்ள அமோனியாவுக்காக. அப்படிப்பட்ட ஊரில், மனிதக் கழிவு வழிந்த ஓர் அறையை, "இங்கே போகக் கூடாது" என்று நாய்க்குப் புரியவைக்கத் தேர்ந்தெடுத்தார் பீப்ஸ். நாயின் மூக்கு வழியாக யோசித்துப் பாருங்கள். இதைவிடத் தெளிவான கழிப்பறைப் போர்டு வேறு இருக்க முடியாது.

இன்னொரு தேதி. 1665 செப்டம்பர் 28. பீப்ஸ் வெளியில் ஒரு வீட்டில் தங்குகிறார். நடுராத்திரி வயிறு சரியில்லை. இருட்டில் தடவிப் பார்த்தால் பாத்திரம் இல்லை. வேலைக்காரப் பெண் வைக்க மறந்துவிட்டாள்போல என்று எழுதுகிறார். வேறு வழியில்லாமல் கணப்படுப்பிலேயே, அதுவும் இரண்டு முறை, போய்விட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.

புது இடம், வயிற்றுக் கோளாறு, போக வேண்டிய இடம் தெரியவில்லை. தன் விஷயத்தில் மூன்று காரணமும் அவருக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. இதே காரணங்கள் நாய்க்கும் இருக்கலாம் என்பதுதான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே வாசித்தவன், இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். சோபாவுக்குப் பின்னால் லட்டு என்னைப் பார்க்காமல் படுத்திருந்தாள்.

ராஜா வீட்டு நாய்

பீப்ஸுக்கு நேர் எதிர்த் துருவம் மன்னர் இரண்டாம் சார்லஸ். 1660 மே 25 அன்று, நாடுகடந்த வாழ்க்கை முடிந்து சார்லஸ் டோவர் கரையில் இறங்கினார். பீப்ஸ் இன்னொரு படகில், மன்னருக்குப் பிரியமான ஒரு நாயோடு வந்தார். நாய் படகிலேயே மலம் கழித்துவிட்டது. எல்லோருக்கும் சிரிப்பு. ராஜாவும் ராஜாவைச் சேர்ந்ததும் மற்றவர்களைப் போலத்தான் என்று அன்று தனக்குத் தோன்றியதாக எழுதுகிறார். (இந்த மாதிரி வரிகள் விக்டோரியா காலத்துப் பதிப்புகளில் என்ன பாடுபட்டன என்பது தனிக்கதை. 1970இல் வர ஆரம்பித்த லேத்தம், மாத்யூஸ் பதிப்பில்தான் டைரி முழுசாகக் கிடைத்தது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

சார்லஸுக்கு சின்ன ஸ்பேனியல் நாய்கள் என்றால் உயிர். ஆலோசனைக் கூட்டத்தில் வேலையைக் கவனிக்காமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்தார் என்று 1667இல் பீப்ஸ் அலுத்துக்கொள்கிறார். 1685 பிப்ரவரியில் சார்லஸ் இறந்தபோது, இன்னொரு டைரிக்காரரான ஜான் ஈவ்லின் அவருடைய குணங்களைத் தொகுத்து எழுதினார். அதில் நாய்களும் வருகின்றன. அவை மன்னரின் படுக்கையறையிலேயே கிடந்தன, குட்டி போட்டன, பால் கொடுத்தன. அரண்மனையே நாறியது என்கிறார் ஈவ்லின்.

ஆக, ஒரு வீட்டில் தண்டனை. இன்னொரு வீட்டில் கண்டுகொள்ளாமை. சின்ன நாயிடம் இரண்டு தப்பையும் சுலபமாகச் செய்யலாம். தூக்கி எறிவேன் என்று மிரட்டும் அளவுக்கு அது லேசு. பெரிய நாய் ஹாலில் போனால் அன்றைக்கே வீட்டில் பஞ்சாயத்து. சின்ன நாய் போனால் ஒரு டிஷ்யூ பேப்பரோடு முடிந்துவிடும், அதனால் யாரும் காரணம் தேட மாட்டார்கள். அதன் மூத்திரப்பை சின்னது, அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பதும் மறந்துவிடும். அதன் உயரத்திலிருந்து பார்த்தால் மூன்று படுக்கையறை வீடு ஒரு ஊர். ஊர்க்கோடியிலுள்ள விருந்தாளி அறை அதற்கு "வெளியே"தான்.

நாயைக் கேட்டவர்கள்

நாயின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் ஐந்து இன நாய்களை வருஷக்கணக்காக வளர்த்துக் கவனித்து, 1965இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். பிறந்த குட்டி தானாக மூத்திரம்கூடப் போகாது, தாய் நக்கினால்தான் போகும். சுமார் மூன்று வாரத்தில், படுக்கும் இடத்தை விட்டு நகர்ந்துபோய்க் கழிக்க ஆரம்பிக்கிறது. சுமார் எட்டு வாரத்தில், தனக்கென்று குறிப்பிட்ட இடம் பிடித்துக்கொள்கிறது. அதாவது படுக்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் நாய்க்குப் பிறவியிலேயே உண்டு. நாம் செய்வதெல்லாம் "படுக்கை" என்ற எல்லையை வீடு முழுவதற்கும் நீட்டுவதுதான். வீடு மாறும்போது அந்த எல்லையை மறுபடி வரைய வேண்டும்.

இன்னொன்று, "அவளுக்குத் தப்புன்னு தெரியும், மூஞ்சியப் பாரு" என்று நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது. 2009இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார். அந்தக் குற்றவாளி முகம் தப்பு செய்ததால் வரவில்லை, எஜமானர் திட்டியபோதுதான் அதிகம் வந்தது. தப்பே செய்யாத நாயும் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் போனதற்கு இப்போது கத்தினால், நாய் கற்றுக்கொள்வது "இவர் இருக்கும்போது போகக் கூடாது" என்பதை மட்டும்தான். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போகும். கீழே கூட்டிக்கொண்டு போனாலும் நம் எதிரே போகாது.

"அப்பா, நீங்க கத்துறதாலதான் அவ ஒளிஞ்சு ஒளிஞ்சு போறா" என்று என் மகள் சொன்னபோது நான் இதையெல்லாம் படித்திருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து

காரணம் கண்டுபிடித்தது நான் இல்லை, என் மனைவி. "ஏங்க, அவ தண்ணி நிறைய குடிக்கிறா. சொட்டுச் சொட்டா, அஞ்சு தடவ ஆறு தடவ போறா. எனக்கு இது சரியாப் படல." கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். யூரின் டெஸ்ட். தொற்று இருந்தது. ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்த டாக்டர், "போறப்ப எரிஞ்சிருக்கும், பாவம்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. வீடு மாறியது ஒரு காரணம், வலி இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றை ஒன்று மறைத்துவிட்டது. நன்றாகப் பழகிய நாய் திடீரென்று தடம் மாறினால் முதலில் டாக்டர், அப்புறம்தான் டிரெய்னிங். இந்தப் பதிவில் நடைமுறைக்கு ஒரே ஒரு வரி வேண்டும் என்றால் இதுதான்.

மருந்து முடிந்ததும் குட்டியிலிருந்து ஆரம்பிப்பதுபோல ஆரம்பித்தோம். எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்குவதற்கு முன்னும் லிஃப்டில் கீழே. தினமும் அதே புல்தரை. போய் முடித்த அந்த வினாடியே ஒரு துண்டு கோழி. கண்காணிக்க ஆள் இல்லாதபோது ஹால் முழுவதும் திறந்துவிடாமல், அவள் படுக்கை இருக்கும் மூலை மட்டும். தரைக்கு ஃபினாயிலை நிறுத்திவிட்டு என்சைம் கிளீனர். ஃபினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கு அதற்கெல்லாம் மசியாது. உள்ளே போய்விட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை, துடைப்பதோடு சரி.

பீப்ஸின் அந்தக் கனவு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. 1669 நவம்பரில் எலிசபெத் காய்ச்சலில் இறந்துபோனாள், 29 வயதில். டைரியை அதற்கு ஐந்து மாதத்துக்கு மேல் முன்பே கண் வலியால் நிறுத்தியிருந்தார். பிறகு 33 வருஷம் வாழ்ந்தார், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செயின்ட் ஓலேவ் தேவாலயத்தில் அவர் வைத்த எலிசபெத்தின் மார்பளவுச் சிலை இன்றும் இருக்கிறது. நிலவறை விஷயத்தில் ஜெயித்த அந்த ராத்திரியை அவர் பிறகு எப்போதாவது திருப்பிப் படித்திருந்தால், நாயைப் பற்றியா யோசித்திருப்பார்?

தீபாவளி ராத்திரி பக்கத்து மாடியில் யாரோ சரவெடி வைத்தார்கள். லட்டு நடுங்கிக்கொண்டே ஹால் நடுவில், எங்கள் எல்லோர் முன்னாலும், போய்விட்டாள். ஏழு வாரத்தில் முதல் தடவை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒளிஞ்சு போகல, பார்த்தியா" என்று சொல்லிவிட்டு மாப் எடுக்கப் போனேன்.