பலகாரம் கொடுத்தல்

பண்டிகைக்கென்றும் மங்கல காரியங்களுக்கென்றும் வீட்டில் செய்த தின்பண்டங்களை, விலை பேசாமலும், வெளிப்படையாகக் கணக்கு வையாமலும் (மனத்தில் வைக்கும் கணக்கு வேறு விஷயம்), உற்றாருக்கும் அண்டை அயலாருக்கும் தட்டிலிட்டு அனுப்பும் தமிழர் சம்பிரதாயம் இப்பெயரால் வழங்கும். பலகாரம் என்பது ‘பலாகாரம்’ என்னும் வடசொல்லின் திரிபு. விரதமிருப்போர் சோற்றை விலக்கி உண்ட பழ உணவைக் குறித்த அச்சொல், நாளடைவில் எண்ணெய்ச் சட்டியில் பொரிந்தெழும் முறுக்கையும் அதிரசத்தையும் குறிக்க வந்தது சொற்களின் விநோத கதிகளுள் ஒன்றாகும்.

கொடுத்தனுப்பும் பண்டம் பல நாள் கெடாதிருத்தல் வேண்டும் என்பதே இவ்வழக்கின் ஆதார விதி. முறுக்கு, தட்டை, சீடை முதலியவற்றில் ஈரம் அநேகமாக வற்றிவிடுவதால் அவை விரைவில் ஊசிப்போவதில்லை; மழைக்கால ஈரக்காற்றில் நமத்துப் போதலும் பழைய எண்ணெயின் காறலுமே அவற்றுக்குச் சத்துருக்கள். வேக வைத்த கொழுக்கட்டையோ அன்றே தீர வேண்டியதாதலின் அடுத்த வீட்டைத் தாண்டிச் செல்வது அபூர்வம்.

இவற்றுள் அதிரசமே செய்பவரின் கைப்பக்குவத்தை ஒளிவு மறைவின்றிக் காட்டிக்கொடுப்பது. பச்சரிசியை ஊற வைத்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, கையில் ஈரம் ஒட்டும் பருவத்திலேயே இடித்துச் சலித்து, கிலோ மாவுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ வெல்லமெடுத்துப் பாகு காய்ச்ச வேண்டும். பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் அது கரையாமல், விரலுக்கு இசைந்து மெத்தென உருள வேண்டும். இப்பதம் தவறி இளகிப்போனால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போம், முற்றிப்போனாலோ பல்லுக்குச் சோதனை. பாகில் கிளறிய மாவை ஓரிரு நாள் புளிக்க வைத்து, வாழையிலையில் தட்டிப் பொரித்து, இரு தட்டைக் கரண்டிகளுக்கிடையே அழுத்தி எண்ணெயை வடிப்பர்.

கலியாணச் சீரில் முதலிடம் கைமுறுக்குக்கு. அச்சின் துணையின்றி, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவை முறுக்கிக்கொண்டே துணிமேல் வட்டமாகச் சுற்றும் இவ்வித்தையில் ஐந்து சுற்று, ஏழு சுற்று, ஒன்பது சுற்று என ஒற்றைப்படையாகவே ஏற்றுவது வழக்கம். கடைச் சரக்கில் மணப்பாறை முறுக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இக்காலத்தில் சீர்த் தட்டுகளில் பெரும்பாலும் கடைப் பெட்டிகளே அமர்கின்றன. அவற்றில் சுவைக்குக் குறைவில்லையேனும், “இது அவள் கை” என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இவ்வழக்கம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. தீபாவளித் தட்டு இஸ்லாமியர் வீடு சென்றால் ரமலானில் அங்கிருந்து நோன்புக் கஞ்சி தூக்குச்சட்டியில் வரும். தென்மாவட்டக் கிறிஸ்தவர் இல்லங்களிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும், வறுத்த பாசிப்பயற்று மாவை வெல்லப்பாகில் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்தும் வரும். பின்னதற்கு நெருங்கிய உறவு யாழ்ப்பாணத்துப் பயற்றம் பணியாரம்.

துக்கம் நேர்ந்த வீட்டில் அவ்வாண்டு பண்டிகை இல்லை. அடுப்பில் எண்ணெய் வைப்பதுமில்லை. அவ்வீட்டுப் பிள்ளைகள் ஏங்கிப் போகாதிருக்கும்பொருட்டு அக்கம்பக்கத்தார் சற்று அதிகமாகவே கொடுத்தனுப்புவர்.

வந்த பாத்திரத்தை வெறுமையாய்த் திருப்புதல் ஆகாதென்பது பொது நியதி. ஒன்றும் அகப்படாவிடில் ஒரு கரண்டி சர்க்கரையேனும் இட்டுத் தருவர். ஆகவே பண்டிகை கழிந்து நாட்பல சென்றும், விளிம்பில் வேறொருவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று, அடுத்த பலகாரம் சுடும் நாளை எதிர்நோக்கிச் சமையலறை அலமாரியில் கவிழ்ந்து கிடப்பதைப் பல வீடுகளில் காணலாம்.