கட்டபொம்மனுக்கு சிவாஜி கிடைச்சார், பூலித்தேவனுக்கு?

இந்த எபிசோடுல நாம போற ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்குப் பக்கம். குற்றாலத்துல சாரல் அடிக்கிற சீசன்ல இங்க சூரியகாந்தி பூத்து நிக்கும். கேரளாவுல இருந்து குடும்பம் குடும்பமா வந்து போட்டோ எடுப்பாங்க. 'ரோஜா' படத்துல கதாநாயகியோட ஊருக்கு வெச்ச பேர் இதுதான். 2005-ல வந்த 'அந்நியன்' படத்துப் பாட்டுக்காக நடிகர்கள் முகத்த வரைஞ்ச பாறையும் இந்தப் பக்கம்தான். அதுக்கு முன்னாடி அந்தப் பாறைக்கு என்ன பேரோ, இன்னைக்கு வர்றவங்களுக்கு அது 'அந்நியன் பாறை'.

ஒரு பாட்டு ஒரு பாறைக்குப் பேர் வெச்சிடுது. அப்போ ஒரு நடிகர் ஒரு சரித்திரத்துக்கே முகம் வெச்சிட முடியுமா? முடியும்னுதான் நான் சொல்லுவேன். அதுக்கு இதவிடப் பொருத்தமான நிலம் கிடையாது. வடக்கே நெற்கட்டும்செவல், பூலித்தேவன் ஊர். மேற்கே செங்கோட்டை, வாஞ்சிநாதன் ஊர். கிழக்கே கயத்தாறு, எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி. எல்லாமே ஒரு காலத்துல ஒரே திருநெல்வேலி மாவட்டம். வெள்ளைக்காரன் காலத்துப் படம் எடுக்கணும்னா கதை இங்க கொட்டிக் கிடக்கு.

முதல்ல கட்டபொம்மன். 1799 அக்டோபர்ல கயத்தாறுல அவர தூக்குல போட்டாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலம் அவர் கதை நாட்டுப்பாடல்லயும் கூத்துலயும்தான் உயிரோட இருந்துச்சு. சின்னப் பையனா இருந்தப்போ பார்த்த கட்டபொம்மன் கூத்துதான் தன்னை நடிப்புப் பக்கம் இழுத்துச்சுன்னு சிவாஜி கணேசனே சொல்லியிருக்கார். ம.பொ.சி. புத்தகம் எழுதினார். சக்தி கிருஷ்ணசாமி நாடகமா எழுத, சிவாஜி மேடை மேடையா நடிச்சார். 1959-ல பி.ஆர். பந்துலு அத கலர் படமா எடுத்தார். 1960-ல கெய்ரோ திரைப்பட விழாவுல சிவாஜிக்கு சிறந்த நடிகர் விருது கிடைச்சது.

விருத விடுங்க. ஜாக்சன் துரை முன்னாடி அவர் பேசுற வசனம் இருக்கே, அத மனப்பாடம் பண்ணாத பள்ளிக்கூட ஆண்டு விழா தமிழ்நாட்டுல உண்டா? ஜாக்சனா நடிச்ச சி.ஆர். பார்த்திபனையும் ஜனங்க கடைசி வரைக்கும் 'ஜாக்சன் துரை'ன்னுதான் கூப்பிட்டாங்க. 1970-ல கயத்தாறுல சிவாஜி தன் சொந்தச் செலவுல இடம் வாங்கி கட்டபொம்மனுக்குச் சிலை வெச்சார். நடிகன் தான் நடிச்ச வேஷத்துக்குச் செலுத்தின கடன் அது.

ஆனா இதுக்கு ஒரு விலை இருக்கு. நிஜத்துல கட்டபொம்மனும் ஜாக்சனும் 1798 செப்டம்பர்ல ராமநாதபுரத்துல சந்திச்சாங்க. அது கைகலப்புல முடிஞ்சது. அப்புறம் கம்பெனியே விசாரணை வெச்சு, ஜாக்சன் மேல தப்புன்னு அவர பதவியில இருந்து எடுத்துச்சு. எனக்கு இது வசனத்தவிட சுவாரசியமான கதை. நம்ம யாருக்கும் இது மனப்பாடம் ஆகல. இன்னொரு பக்கம் எட்டப்பன். எட்டயபுரம் பாளையக்காரர்களோட பட்டப்பேர் அது. படத்துக்கப்புறம் ஒரு வம்சத்தோட பேரே ஊர் ஊருக்கு வசைச்சொல்லா நிலைச்சுப் போச்சு. முத்துசாமி தீட்சிதர் கடைசிக் காலத்துல தங்கியிருந்த, பாரதி பிறந்த ஊர் அதுங்கிறது பின்னாடி போயிடுச்சு.

ரெண்டாவது வ.உ.சி. அதே பந்துலு, அதே சிவாஜி, 1961-ல 'கப்பலோட்டிய தமிழன்'. செங்கோட்டையில பிறந்த எஸ்.வி. சுப்பையா அதுல பாரதியா நடிச்சார். இன்னைக்கும் பாரதின்னா நிறைய பேருக்கு அவர் முகம்தான். ஆனா படம் வந்த புதுசுல வசூல் ஆகல. ஏன்? என் கணிப்பு இதுதான்: ரசிகனுக்கு துரை முன்னாடி நிமிர்ந்து நிக்கிற சிவாஜி வேணும். செக்கு இழுத்து, வெளிய வந்து, வறுமையில வாடுற சிவாஜிய அவனால தாங்க முடியல.

இப்போ பூலித்தேவன். 1755-லயே கர்னல் ஹெரானோட படைய நெற்கட்டும்செவல்ல எதிர்த்து நின்னவர். கட்டபொம்மன் தூக்குக்கு 44 வருஷம் முன்னாடி. அவர கடைசியா 1761-ல தோற்கடிச்சது கம்பெனிக்காகப் போர் செய்த யூசுப் கான். அந்த யூசுப் கானும் அப்புறம் கம்பெனிய எதிர்த்து, 1764-ல மதுரையில தூக்குல தொங்கினார். அவர்தான் கமல்ஹாசனோட 'மருதநாயகம்'. 1997-ல அந்தப் படத்தோட தொடக்க விழாவுக்கு யார் வந்தாங்க தெரியுமா? எலிசபெத் மகாராணி! படம் பணமில்லாம நின்னு போச்சு. வராத படத்துக்கே இருபது வருஷத்துக்கு மேல ரசிகர்கள் காத்திருக்காங்க. பூலித்தேவன் பேர கேட்டா அதே ரசிகர்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

காலம் மாறிச்சு. 2010-ல 'மதராசபட்டினம்' வந்தப்போ ரசிகர்கள் கவர்னர் வீட்டுப் பொண்ணா வந்த ஏமி ஜாக்சனையே கொண்டாடினாங்க. 2023-ல 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில நடந்துச்சு. ஜோஹோ ஆபீஸ் இருக்கே, அதே மத்தளம்பாறை. அனுமதிப் பிரச்சினையில கொஞ்ச நாள் நின்னு, திரும்பத் தொடங்கி, 2024 பொங்கலுக்குப் படம் வந்துச்சு. கதை 1930-கள்ல நடக்குது, நாயகன் முழுக்க கற்பனை. நிஜ வீரர்கள் நடமாடின மண்ணுல கற்பனை வீரன் துப்பாக்கி தூக்கினான். விசில் பறந்துச்சு.

நான் விசிலுக்கு எதிரி இல்ல. சிவாஜி இல்லன்னா பாஞ்சாலங்குறிச்சிய நம்ம பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம். ஆனா விசில் ஒரு வாசல்தான், அதுக்குள்ள போகணும். அடுத்த சீசன்ல சூரியகாந்தி பார்க்க சுந்தரபாண்டியபுரம் போறவங்க, பாறை முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு, வண்டிய அப்படியே வடக்கே விடுங்க. நெற்கட்டும்செவல்ல பூலித்தேவன் நினைவு மாளிகை இருக்கு. எந்த நடிகர் முகமும் இல்லாம ஒரு வீரன யோசிச்சுப் பார்க்க இந்தப் பக்கத்துல அதவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.