மடத்து மதிலுக்குள் விளைந்த வெள்ளை இரசம்

கி.பி. 1098ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், சதுப்பு நிலம் ஒன்றில் குடியேறி மொலேம் ராபர்ட்டும் அவர்தம் தோழரும் சீத்தோ மடத்தை நிறுவினர். புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை எழுத்துப் பிசகாமல் வாழ்ந்து காட்டுவதே அவர்தம் நோக்கம். அவ்வாண்டிலேயே பர்கண்டிக் கோமகன் முதலாம் ஓடோ, மெர்சோ என்னும் ஊரில் திராட்சைத் தோட்டம் ஒன்றை அவர்களுக்கு ஈந்தார். வறுமையைத் தேடி வந்தவர் கையில், உலகம் போற்றும் வெள்ளைத் திராட்சை இரசம் பிறக்கும் மண் வந்து சேர்ந்தது!

ஆசீர்வாதப்பரின் ஒழுங்கில் நாற்பதாம் அதிகாரம் துறவிக்கு நாளொன்றுக்கு ஓர் 'எமினா' இரசம் வழங்குகிறது. ஏறக்குறைய கால் லிட்டர் எனலாம். அதையும் அவர் அரைமனத்தோடே இசைகிறார். திருப்பலிக்கோ சில துளிகள் போதும். இத்துணைக் குறைவாய் அருந்தியோர் இரசத்தின் தரமறிந்தது எங்ஙனம்?

அவர்கள் மண்ணையே நாவிலிட்டுச் சுவைத்தனர் என்றொரு கதை உலவுகிறது. சான்றற்ற கதை, நமக்கு அது தேவையுமில்லை. குடியானவன் இறந்தால் நிலம் பிள்ளைகளிடையே பிரியும், மடமோ இறப்பதில்லை. எச்சரிவில் பனி தங்கும், எத்துண்டில் கனி முந்திப் பழுக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாய்க் கவனிக்க அங்கே ஆளிருந்தது. துண்டுதோறும் பெயர் உண்டாயிற்று. அவற்றைக் 'கிளிமா' என்பர். அத்தகைய 1,247 துண்டுகளை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

இன்றும் மெர்சோ இரசத்தை மதிப்பிடுவோர் கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றுவர். வெண்துணியின் முன் பிடித்து நிறம் பார்ப்பர்: இளமையில் பசுமை கலந்த வெளிர் பொன், முதுமையில் அடர் பொன். மெல்லச் சுழற்றி முகர்வர். முதலில் எலுமிச்சையும் ஆப்பிளும். ஆண்டுகள் ஏறினால் வறுத்த கொட்டை, வெண்ணெய், தேன். மிகக் குளிர்ந்திருந்தால் மணம் ஒடுங்கிவிடும். பின் ஒரு மிடறு. செழுமையைப் புளிப்பு தாங்கி நிற்கிறதா என்று நாவில் பரப்பிப் பார்த்து, பெரும்பாலும் உமிழ்ந்துவிடுவர். அதன் பின்னரே சுவை எத்தனை நொடி தங்குகிறதென எண்ணுவர். அதற்கெனக் 'கோதாலி' என்றோர் அலகே உண்டு; ஒரு கோதாலி ஒரு நொடி. குடியால் குலைந்த குடும்பங்களை அன்றாடம் காணும் நமக்கு, வாயில் இட்டதைத் துப்பிவிட்டு எண்ணிக்கொண்டிருக்கும் இம்மனிதர் வியப்பளிக்கின்றனர்.

இவ்விரசம் 'ஷார்தொனே' திராட்சையினின்று வருவது. உயர்குடிக் கொடியெனப் புகழ்பெற்ற அதன் பெற்றோருள் ஒன்று, ஏழைக் குடியானவர் வளர்த்த, எவரும் மதியாத 'குவே' வெள்ளைக் கொடியே என்று 1999இல் மரபணு ஆய்வு காட்டியது.

துறவியரை மட்டும் புகழ்ந்து நிறுத்திவிடலாகாது. பதினான்காம் நூற்றாண்டில் வூழோ என்னுமிடத்தில் அவர்கள் மதிலெழுப்பிச் சூழ்ந்த தோட்டம் ஐம்பது எக்டேர். எளிமைக்கெனப் புறப்பட்டோர் பெருநிலக்கிழாராயினர். 1789 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமையாக்கி ஏலத்தில் விற்றது. வூழோத் தோட்டம் இன்று ஏறத்தாழ எண்பது உரிமையாளர் கையில் இருக்கிறது.

1898இல் துறவியர் மீண்டும் சீத்தோவுக்குத் திரும்பினர். இன்று அவர்கள் பெயர் பெற்றிருப்பது இரசத்தால் அன்று. தம் பசுக்களின் பாலில் செய்யும் பாலாடைக்கட்டியால்.