சாப்பாவும் செயலியும்: மட்டாஞ்சேரி வரலாற்றின் ஒளியில் இயந்திர வேலைப்பங்கீடு

செயற்கை நுண்ணறிவு பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் நின்றுவிடுகின்றன. அது எத்தனை பேரின் வேலையைப் பறிக்கும்? அது மனிதரைப் போலச் சிந்திக்குமா? இவற்றுக்கு விடை வருமுன்பே ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. இருக்கிற வேலையை இன்று யாருக்குக் கொடுப்பது என்பதை இயந்திரம் தீர்மானிக்கத் தொடங்கிவிட்டது. உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கு அடுத்த ஆர்டர் எது, வாடகைக் கார் ஓட்டுநருக்கு அடுத்த சவாரி எங்கே, யாருடைய ஐடி பிளாக் ஆகும் என்பவையெல்லாம் செயலிக்குள் முடிவாகின்றன. இந்தப் பங்கீட்டின் ஆபத்தை அறிய எதிர்காலத்தை ஊகிக்க வேண்டியதில்லை. கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியின் துறைமுக வரலாறு போதும்.

பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் கொச்சிக்கு வந்தபின் உருவான துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சரக்கு ஏற்றி இறக்குவோருக்கு அங்கே நிரந்தர வேலை இல்லை. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. சரக்கு வேலையை ஒப்பந்தம் எடுத்த ஸ்டீவ்டோர்களின் சார்பில் ஆள் எடுத்தவன் மூப்பன். அவன் தரும் உலோக வில்லைதான் சாப்பா. கையில் சாப்பா இருந்தால் அன்று வேலை உண்டு. ஆட்கள் பெருகியபோது வில்லைகளைக் கூட்டத்துக்குள் வீசி எறிவது வழக்கமாயிற்று. ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பொறுக்கினார்கள். கங்காணியை அறிந்த தமிழ் வாசகருக்கு மூப்பனைத் தனியே அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லண்டன் துறைகளிலும் காலையில் ஆட்களை நிறுத்திப் பொறுக்கி எடுக்கும் முறை இருந்தது. 1889இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் அது மறைய 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாப்பா முறைக்கு எதிராக 1953இல் மட்டாஞ்சேரியில் நடந்த வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவரை அப்போராட்டம் பலிகொண்டது. கே. எம். சிதம்பரன் இந்த வரலாற்றை நாடகமாக எழுதினார். அதிலிருந்து ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' 2023இல் திரைக்கு வந்தது.

சாப்பாவையும் செயலியையும் ஒரே தட்டில் வைப்பது செயலிக்கு அநீதி என்று ஒருவர் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. தேனியிலிருந்து பைக்கும் லைசென்சுமாக வரும் ஓர் இளைஞர் கொச்சியில் எவருடைய சிபாரிசும் இல்லாமல் அந்த வாரமே சம்பாதிக்கத் தொடங்க முடிகிறது. சாதி, கட்சி, உறவு எதையும் செயலி கேட்பதில்லை. தெரியாத ஊரில் வழியைத் தமிழிலேயே சொல்கிறது. தொழிற்சங்கத்தின் கையில் பங்கீடு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் வாதிடவில்லை. வேலை செய்யாமலே கூலி கேட்ட 'நோக்குகூலி' அந்த ஏற்பாட்டில் முளைத்த நோய்தான். கேரள அரசு 2018 மே 1 முதல் அதற்குத் தடை விதிக்க வேண்டி வந்தது.

ஆனால் மூப்பனின் கை கண்ணுக்குத் தெரிந்தது. யாருக்கு வீசினான், யாரைத் தவிர்த்தான் என்பதைக் கூட்டமே பார்த்தது. தோற்றவர்கள் எல்லோரும் ஒரே மண்ணில் நின்றார்கள். சாப்பாவுக்காக அடித்துக்கொண்டவர்களே பிறகு சாப்பாவுக்கு எதிராகச் சேர்ந்தார்கள். செயலியில் தோற்பவருக்குத் தாம் தோற்றதே தெரியாது. ஆர்டர் வரவில்லை, அவ்வளவுதான். மழையாலா, ரேட்டிங் குறைந்ததாலா, நேற்று ஒரு ஆர்டரை மறுத்ததாலா? பக்கத்தில் பைக்கில் சாய்ந்து நிற்பவருக்கு எத்தனை ரூபாய் காட்டுகிறது என்பதும் தெரியாது. இயந்திரத்துக்குப் பகையில்லை என்பது உண்மையே. ஆனால் பகைத்தவனிடம் காரணம் கேட்கலாம், சண்டைக்குப் போகலாம். ஐடி பிளாக் ஆனவர் பேசுவது பெரும்பாலும் தானியங்கிப் பதிலோடுதான்.

"பிடிக்காவிட்டால் லாக்-அவுட் செய்யலாமே" என்ற வாதம் பழையது. சாப்பாவைப் பொறுக்கும்படியும் யாரும் எவரையும் கட்டிப்போடவில்லை. பசி போதுமானதாக இருந்தது.

தொழில்நுட்பத்தின் இயல்பே இப்படி என்றும் சொல்வதற்கில்லை. அதே கொச்சியில் 2021இல் தொடங்கிய திறந்த போக்குவரத்து வலையமைப்பும், ஓட்டுநரிடம் கமிஷன் வாங்காத 'யாத்ரி' செயலியும், பங்கீட்டை வேறு விதிகளில் அமைக்க முடியும் என்று காட்டின. விதியை எழுதுவது யார், அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் வேறுபாடு.

சட்டம் இந்த இடத்தை இப்போதுதான் நெருங்குகிறது. 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தது. செயலி நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. பங்கீட்டைப் பற்றிப் பேசவில்லை. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு படி மேலே போய், தானியங்கிக் கண்காணிப்பும் முடிவெடுப்பும் வேலையை எப்படிப் பாதிக்கின்றன என்பதைத் தொழிலாளருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. நீக்குமுன் 14 நாள் அறிவிப்பும் எழுத்தில் காரணமும் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, கணக்கை முடக்கும் முடிவை ஒரு மனிதர் எடுக்க வேண்டும். இவை தேவைதான். எனினும் விளக்கம் தந்துவிட்டால் நீதி கிடைத்துவிட்டதாக எண்ணும் போக்கு இவற்றில் இருக்கிறது. கணக்கீட்டு முறையை முழுதாக வெளியிட்டாலும் தெருவில் நிற்பவரின் காத்திருப்பு நேரத்துக்குக் கூலி வந்துவிடாது.

இந்த அளவில் 1948இன் துறைமுகத் தொழிலாளர் (வேலை ஒழுங்குமுறை) சட்டம் இன்றைய சட்டங்களைவிடக் கூர்மையானது. தொழிலாளரைப் பதிவுசெய்யவும், பதிவுசெய்தவருக்கு வேலை இல்லாத நாட்களிலும் குறைந்தபட்ச ஊதியம் கிடைக்கச் செய்யவும் அது வழிவகுத்தது. கப்பல் வராத நாளின் செலவில் ஒரு பங்கை, அந்தக் கப்பலால் லாபம் பார்ப்பவர்மேல் அது ஏற்றியது. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவின் கிக் தொழிலாளர்கள் 2020–21இல் 77 லட்சம், 2029–30இல் 2.35 கோடியை எட்டுவர். அந்தந்த வட்டாரத்தில் எந்த நேரத்துக்கு எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று கணிக்கும் திறன் நிறுவனங்களின் இயந்திரங்களுக்கு இருக்கிறது. தேவைக்கு மேல் ஆட்களைக் காத்திருக்க வைப்பதற்கான கட்டணத்தை அதே கணிப்பிலிருந்து கணக்கிட்டு வசூலிக்கலாம். அதற்கான விதி 2020இன் தொகுப்பில் இல்லை.