மாவில்லுவும் நாமும்: காட்டின் எல்லை யாரைக் கேட்டுப் போடப்பட்டது?



வில்பத்து என்று பேச்செடுத்தாலே முசலி மக்கள் காடழிப்பவர்கள் என்று பட்டம் சூட்டிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளும் அதைக் கேட்டே வளர்கிறார்கள். அதனால் வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியது என்றே கருதியது. தலைமுறையாக அங்கே சேனை செய்தவர்கள் சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். ஆனால் 1907ஆம் ஆண்டின் காட்டுச் சட்டத்தில் 'கிராமக் காடு' என்றொரு ஏற்பாடும் இருந்தது. ஊரவரின் தேவைக்கென ஒரு காட்டை ஒதுக்கலாம் என்பதே அதன் கருத்து. 1980களில் சமூக வனவியல் திட்டம் வந்தபோது, ஊரவரைப் பங்காளிகளாக்கும் எண்ணம் மறுபடி தலைதூக்கியது. ஆக, இது நாம் இன்று புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல.

இனி நம் கதை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். நம்மில் பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தோம். 2009இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது வளவிலும் வயலிலும் காடு மண்டிக் கிடந்தது. நாம் முழுமையாகக் குடியேறி முடிப்பதற்குள், 2012 ஒக்டோபர் 10ஆம் திகதி வர்த்தமானி மூலம் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்கக் காடாகியது. 2017 மார்ச்சில் அதையும் அயற்காடுகளையும் சேர்த்து, சுமார் 40,000 ஹெக்டேயர் 'மாவில்லு பேணற்காடு' ஆனது. நம்மிடம் கேட்காமலே எல்லை போட்டார்கள் என்பதுதான் நம் மக்களின் மனக்குறை.

ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்வோம். மாவில்லு, வில்பத்து தேசியப் பூங்காவுக்கு வடக்கே, அதற்கு வெளியே உள்ளது. பூங்கா வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழும் பேணற்காடு வனபரிபாலனத் திணைக்களத்தின் கீழும் வருகின்றன.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். மீள்குடியேற்றத்தின் பெயரால் தேவைக்கு மேல் காடு வெட்டப்பட்டால் அது பிழைதான். காடு போனால் வரட்சியும் யானையும் முதலில் வருவது நம் வாசலுக்குத்தான்.

எனவே பழைய உறுதிகள், பேர்மிட்டுகளைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துவோம். குளங்களின் பெயரும் பழைய எல்லைகளும் தெரிந்த மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். அதிகாரிகளிடம் நாம் கேட்பது இதுதான்: எல்லையை எங்களுடன் நடந்து பார்த்துப் போடுங்கள். வயல் எது, காடு எது என்று சேர்ந்து முடிவெடுத்த பிறகு, கள்ள மரம் வெட்ட வருபவனை முதலில் மறிப்பது நாமாகத்தான் இருப்போம்.