கூரைக்கு எவ்வளவு ஆச்சு?

இன்னைக்கு ஒரு செலவுப் பட்டியலோட கதை. கட்டட எஸ்டிமேட்னு சொன்னதும் ஓடிடாதீங்க. இதுல குழந்தைகளோட வகுப்பறை சம்பந்தப்பட்டிருக்கு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டன். குண்டுவீச்சில் பல பள்ளிகள் சேதமாகியிருந்தன. 1947-இல் கட்டாயக் கல்வி வயது 15 ஆக உயர்ந்தது. போருக்குப் பின் பிறந்த குழந்தைகளும் வரப்போறாங்க. பள்ளிகள் நிறைய வேணும். பணம், இரும்பு, ஆட்கள் எல்லாமே பற்றாக்குறை. அதனால அரசு ஒரு உச்சவரம்பு வச்சது. 1950-க்கான திட்டத்தில், தொடக்கப் பள்ளியில் ஒரு மாணவருக்கான இடத்துக்கு 170 பவுண்டு. அப்புறம் அதையும் 140 ஆகக் குறைச்சாங்க.

சரி, எங்கே குறைக்கிறது? அன்றைய பட்டியல் தொழில்வாரியாக இருந்தது: மண்வேலை, கொத்துவேலை, தச்சுவேலை, பூச்சு, பெயின்ட். ஒப்பந்தக்காரர் விலை போட அது வசதி. ஆனா, "கூரைக்கு எவ்வளவு?"ன்னு கேட்டா பதில் வராது. கூரையோட மரம் தச்சர் கணக்கில, வண்ணம் பெயின்டர் கணக்கில. காசு பல பக்கங்கள்ல சிதறிக் கிடக்கும்.

கல்வி அமைச்சகத்தின் குவான்டிட்டி சர்வேயர் ஜேம்ஸ் நிஸ்பெட்டும் சகாக்களும் அதே காசை வேறு மாதிரி அடுக்கினாங்க. அடித்தளம், வெளிச்சுவர், கூரை, ஜன்னல், தரை, வெப்பமூட்டல் எனக் கட்டடத்தின் உறுப்புகளே தலைப்புகள். வெளிச்சுவர்னா, செங்கல், பூச்சு எல்லாம் அதுக்குள்ள உட்தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுர அடித் தரைப்பரப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. 1951-இல் அமைச்சகம் இந்த முறையை 'காஸ்ட் ஸ்டடி' என்ற வெளியீடாகக் கொண்டுவந்தது.

இப்போ இரண்டு பள்ளிகளைப் பக்கத்துல வச்சுப் பார்க்கலாம். இதுல மட்டும் வெளிச்சுவர் செலவு ஏன் கூட? கட்டடம் வளைஞ்சு நெளிஞ்சு போகுது, சுவர் நீளம் அதிகம். வரைபடம் தாள்ல இருக்கும்போதே அதைத் திருத்திடலாம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது அதோட விளைவு. நீண்ட தாழ்வாரங்கள் சுருங்கின. பாடம் நடக்கும் இடத்தைப் பெரும்பாலும் காப்பாத்தினாங்க.

பழைய முறை தப்பில்லை. வேலையை ஆளுக்கு ஆள் பிரிச்சுக் கொடுக்க அதுதான் உதவும். நம்ம ஊர் எஸ்டிமேட்டும் பெரும்பாலும் அப்படித்தான் வருது. அடுத்த தடவை உங்க கைக்கு ஒண்ணு வந்தா, சிமென்ட் எவ்வளவுன்னு பார்த்ததோட நிறுத்தாதீங்க. கூரைக்கு மட்டும் மொத்தம் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க.